உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உடைய பச்சிளங்குழந்தைகளுக்கான ஊட்டத் துணை: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவற்றுடன் பிறக்கும் குழந்தைக்கு அறுவை மருத்துவம் சில மாதங்கள் கழித்தே செய்யப்படுகிறது. அதுவரை அக்குழந்தை எதனை, எவ்வாறு, எவ்வளவு உண்கிறது என்பதே அதன் வளர்ச்சியையும் அறுவைக்குரிய தகுதியையும் முடிவு செய்கிறது. பிளவுடைய குழந்தைக்குக் குறைவது பாலை உறிஞ்சும் ஆற்றலே. விழுங்கும் ஆற்றல் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, ஊட்டும் முறைகள், கருவிகள், பாலின் அளவு, எடைக் கண்காணிப்பு, அறுவைக்குப் பிந்தைய உணவு, குடும்பத்தாரிடையே நிலவும் நம்பிக்கைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, தாய்ப்பால், பாலாடை, எடை வளர்ச்சி, இணை உணவு.

1. முன்னுரை

உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ இரண்டுமோ காணப்படுகின்றன. பிறவிக் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. முகத்தில் வெளிப்படையாகத் தெரியும் குறை என்பதால் குடும்பத்தாரின் கவலை முழுதும் தோற்றத்தின் மீதே குவிகிறது. ‘எப்போது தைப்பார்கள்?’ என்பதே அவர்கள் முதலில் எழுப்பும் வினா. ஆனால் குழந்தையின் உயிருக்கும் வளர்ச்சிக்கும் உடனடி இடர் தருவது பால் போதாமையே ஆகும். தோற்றத்தைச் சீர்செய்ய மாதக் கணக்கில் காலம் இருக்கிறது. பசியைத் தீர்க்கச் சில மணி நேரமே இருக்கிறது.

இங்கு ஒரு சொல்விளக்கம் தேவையாகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டு உறுப்பிடங்களுள் ஒன்றாக அண்ணத்தைச் சுட்டுகிறது. மேல்வாயைக் குறிக்கும் இச்சொல் டண்ணகரத்தால் எழுதப்பட வேண்டியது. ‘அன்னப்பிளவு’ என்று எழுதும் வழக்கும் உள்ளது. அன்னம் என்பது சோற்றையும் ஒரு பறவையையும் குறிக்கும் வேறு சொல் ஆதலின், இக்கட்டுரையில் ‘அண்ணப் பிளவு’ என்னும் வடிவமே ஆளப்படுகிறது.

2. பிளவு தோன்றும் விதம்

கருவின் முகம் பல திசுப் புடைப்புகள் இருபுறமிருந்தும் வளர்ந்து வந்து ஒன்றுடன் ஒன்று இணைவதால் உருவாகிறது. மேலுதடு கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள் இணைகிறது. அண்ணத்தின் இரு பகுதிகளும் 6-ஆம் வாரம் தொடங்கி அடுத்த சில வாரங்களில் நடுக்கோட்டில் சேர்கின்றன. இவ்விணைப்பு முழுமையடையாதபோது பிளவு எஞ்சுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதிசெய்து கொள்ளும் காலத்திலேயே இந்நிகழ்வு நடந்து முடிந்துவிடுகிறது என்பது கருதத்தக்கது.

மரபணுக் கூறுகளும் புறச்சூழலும் இணைந்து இதற்குக் காரணமாகின்றன. கருவுற்ற காலத்தில் புகைபிடித்தல், கட்டுப்பாடற்ற நீரிழிவு, வலிப்பு நோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பை மிகுவிக்கின்றன. பல குழந்தைகளிடம் தனித்த காரணம் எதையும் சுட்டிக் காட்ட இயல்வதில்லை. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததாலோ, கத்தியைக் கையாண்டதாலோ பிளவு உண்டாயிற்று என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை ஏதுமில்லை.

3. பால் குடித்தலின் இயக்கம்

குழந்தை மார்பில் பால் குடிக்கும்போது மூன்று செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. முதலாவதாக, உதடுகள் மார்பைச் சுற்றி இறுகப் பொருந்தி முன்வாயை அடைக்கின்றன. இரண்டாவதாக, மென்னண்ணம் பின்புறத்தில் வாய்க்கும் மூக்குக்கும் இடையிலான வழியை அடைக்கிறது. மூன்றாவதாக, நாவும் கீழ்த்தாடையும் தாழ்கின்றன. அடைபட்ட வாயின் கொள்ளளவு இதனால் பெருகி, உள்ளே அழுத்தம் குறைகிறது; பால் உள்ளே இழுக்கப்படுகிறது.

அண்ணத்தில் பிளவு இருப்பின் வாயும் மூக்கும் ஒரே அறையாகிவிடுகின்றன. நா எவ்வளவு தாழ்ந்தாலும் மூக்கின் வழியே காற்று உட்புகுந்து அழுத்தக் குறைவு உண்டாகாமல் செய்துவிடும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் பருக முயல்வதை இதற்கு ஒப்பிடலாம். முயற்சி இருக்கும், நீர் ஏறாது.

வாய்க்குள் வந்து சேர்ந்த பாலைத் தொண்டைக்குத் தள்ளி விழுங்கும் ஆற்றல், வேறு நரம்புக் குறையோ நோய்த்தொகுதியோ இல்லாத குழந்தைகளிடம் பெரும்பாலும் இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஊட்டும் முறைகள் யாவும் இவ்வுண்மையின் மீதே அமைகின்றன. குழந்தையால் இழுக்க இயலாத பாலை நாம் வாய்க்குள் கொண்டு சேர்த்தால், எஞ்சியதைக் குழந்தையே செய்துகொள்ளும்.

இதனை அறியாத நிலையில் ஒரு மயக்கம் நேர்கிறது. குழந்தை மார்பைப் பற்றுகிறது, தாடை அசைகிறது, ஒரு மணி நேரம் மார்பிலேயே கிடந்து களைத்து உறங்குகிறது. காண்பவர்க்கு அது நன்றாகப் பால் குடித்த குழந்தை. உண்மையில் மிகச் சிறிதளவே வயிற்றை அடைந்திருக்கும். அம்முயற்சியில் செலவான ஆற்றலோ மிகுதி. மார்பில் இருத்தல் வேறு, பால் அருந்துதல் வேறு என்பதை முதல் நாளிலேயே தாய்க்கு விளக்க வேண்டும்.

4. பிளவின் வகையும் ஊட்டும் முறையும்

உதட்டில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோர் நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க வல்லவர்கள். மார்பின் மென்மையான தசையே பிளவை நிரப்பி அடைத்துவிடுகிறது. தேவைப்படின் தாய் தன் விரலால் பிளவை மூடிக்கொள்ளலாம்.

அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளிடமே இடர் மறைந்து நிற்கிறது. உதடு முழுமையாக இருப்பதால் புறத்தோற்றத்தில் குறை தெரிவதில்லை. பால் குடிக்க நெடுநேரம் ஆதல், மூக்கின் வழியே பால் வருதல், எடை குறைதல் ஆகியவை தோன்றிய பின்னரே ஐயம் எழுகிறது. ஆதலின் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் அண்ணத்தையும் உள்நாக்கு வரை விளக்கொளியில் கண்ணால் பார்த்துச் சோதித்தல் வேண்டும். விரலால் தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. மென்னண்ணத்தின் சிறு பிளவு விரலுக்குத் தப்பிவிடும்.

உதடும் அண்ணமும் பிளந்துள்ள குழந்தைகளால் மார்பிலிருந்து மட்டும் தேவையான பால் முழுவதையும் பெறுதல் அரிது. இவர்களுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை மாற்று வழியில் ஊட்ட வேண்டும். எனினும் மார்பில் சிறிது நேரம் அணைத்து வைத்தல் பயனுடையதே. அது பால் சுரப்பைத் தூண்டும். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும். அதனை உணவாகக் கணக்கிடாதிருத்தலே முதன்மையானது.

கீழ்த்தாடை சிறுத்து, நா பின்னோக்கிச் சரிந்து, அண்ணப் பிளவும் அமைந்த நிலை பியர் ராபின் தொடர்நிலை எனப்படும். இக்குழந்தைகளுக்கு மூச்சுவழியே அடைபடக்கூடும். ஆகவே மூச்சைச் சீர்செய்த பின்னரே ஊட்டுதல் பற்றி எண்ண வேண்டும். இவர்களுக்கும், மிகக் குறைந்த எடையுடன் பிறந்தோர்க்கும் சில காலம் மூக்குவழிக் குழாய் மூலம் பால் செலுத்த நேரலாம். மற்றபடி பிளவு ஒன்றையே காரணமாகக் கொண்டு நெடுநாள் குழாய் வழி ஊட்டுதல் தேவையற்றது. அது வாயால் உண்ணும் பழக்கத்தைக் கெடுக்கும்.

5. தாய்ப்பாலின் இடம்

அண்ணத்தை இழுத்துப் பிடிக்கும் தசைகளே நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலான குழலையும் திறக்கின்றன. அண்ணம் பிளந்திருக்கையில் அக்குழல் செவ்வனே திறவாமல் நடுச்செவியில் நீர் தேங்குகிறது. ஆதலால் இக்குழந்தைகளிடம் செவி அழற்சி மிகுதி. தாய்ப்பால் இதற்கு ஓரளவு காப்பாக அமைகிறது என்பதற்கு 1994-இல் அமெரிக்காவில் பாரடைஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சான்று தந்தது. மூக்கின் உட்படலத்தில் படும்போது தாய்ப்பால் மாவுப்பாலை விடக் குறைவாகவே உறுத்தும் என்பதும் கருதத்தக்கது. அண்ணப் பிளவுக்குத் தாய்ப்பாலின் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

குழந்தை உறிஞ்சாவிடில் சுரப்பு குன்றும். ஆகவே பிறந்த சில மணி நேரத்திற்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, ஒரு நாளில் 8 முறையேனும், இரவில் ஒரு முறை உட்பட, பீய்ச்சி வர வேண்டும். முதல் நாள்களில் கிடைப்பது சில துளிச் சீம்பாலே ஆயினும் அதனைச் சிறு கரண்டியிலேயே பீய்ச்சி ஊட்டிவிடலாம். பீய்ச்சிய பாலை மூடிய தூய பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரமும் வைத்திருக்கலாம். குளிர்ந்த பாலை அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர் உள்ள கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்குதல் நன்று.

தாய்ப்பால் போதாதவிடத்துத் தாய்ப்பால் வங்கியின் பாலும், அதுவும் கிட்டாதபோது மருத்துவர் பரிந்துரைக்கும் மாவுப்பாலும் துணையாகும். மாவுப்பாலை உறையில் குறித்த அளவுப்படியே கரைக்க வேண்டும். நெடுநாள் வரவேண்டும் என்று நீரை மிகுத்துக் கரைத்தால் வயிறு நிறையும், உடல் வளராது.

6. ஊட்டும் கருவிகள்

தமிழகத்தில் வழிவழியாக வழங்கும் பாலாடை இக்குழந்தைகளுக்கு மிகவும் ஏற்ற கருவியாகும். பாலின் மேல் படியும் ஏட்டைக் குறிக்கும் அதே சொல், கூரிய மூக்குடைய இச்சிறு கிண்ணத்தையும் குறிக்கிறது. ‘சங்கு’ என்றும் இது வழங்கும. பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் ‘பாலாடை’ என்னும் சொல் பிறமொழியிலும் அப்படியே எடுத்தாளப்படுகிறது. இதன் சிறப்புகள் மூன்று: உறிஞ்ச வேண்டிய தேவை இல்லை, பாலின் வேகம் ஊட்டுபவர் கையில் உள்ளது, திறந்த வடிவம் ஆதலால் எளிதில் கழுவிக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யலாம்.

பாலாடையால் ஊட்டும் முறை வருமாறு:

குழந்தையை விழித்திருக்கும் நிலையில் மடியில் நிமிர்த்தி அமர்த்தி, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும். படுக்க வைத்து ஊட்டுதல் கூடாது. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மீது, பிளவில்லாத பக்கமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். சிறிதளவு பால் உட்சென்றதும் நிறுத்தி, குழந்தை விழுங்குவதைக் கண்ட பின்னரே மீண்டும் சாய்க்க வேண்டும். பாலைத் தொண்டைக்குள் ஊற்றுவது புரையேறுதலுக்கு வழிவகுக்கும். இக்குழந்தைகள் பாலுடன் காற்றையும் மிகுதியாக விழுங்குவதால், ஊட்டும்போது இரண்டு மூன்று முறை தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும்.

மூக்கின் வழியே சிறிது பால் வருதல் அண்ணப் பிளவில் இயல்பு. அப்போது நிறுத்தி, தும்மவோ இருமவோ விட்டு, துடைத்துப் பின் தொடரலாம். ஆனால் முகம் நீலம் பூத்தல், மூச்சுத் திணறல், ஒவ்வொரு முறையும் கடும் இருமல் ஆகியவை இயல்பல்ல. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய குறிகள் அவை.

பிழியத்தக்க மென்புட்டிகளும், ஒருவழி அடைப்பு பொருத்திய சிறப்புப் புட்டிகளும் உண்டு. பின்னவற்றுள் பெயர்பெற்றது இங்கிலாந்தைச் சேர்ந்த மேண்டி ஹேபர்மேன் உருவாக்கிய புட்டி. அதன் காம்புக்குள் புகுந்த பால் திரும்பிச் செல்லாது. குழந்தை ஈறுகளால் அழுத்தினாலே பால் சுரக்கும். 2011-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 292 குழந்தைகள் இடம்பெற்ற 5 சோதனைகளை ஆராய்ந்தது. பிழியத்தக்க புட்டி கடினப் புட்டியினும் கையாள எளிது என்றும், ஆயினும் வளர்ச்சியில் வேறுபாட்டுக்குச் சான்றில்லை என்றும், அண்ணத்தை மூடும் தகட்டால் வளர்ச்சி கூடுவதாகச் சான்றில்லை என்றும் அது முடிவுரைத்தது. விலையுயர்ந்த கருவி கிட்டவில்லையே என்று ஏழைக் குடும்பம் வருந்த வேண்டியதில்லை என்பது இதனால் பெறப்படும். கருவியைக் காட்டிலும் பயிற்சியே முதன்மையானது.

7. அளவும் எடையும்

முதல் வாரத்தின் இறுதியிலிருந்து ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி பால் தேவை. 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 450 மில்லி. 8 முறை ஊட்டினால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 56 மில்லி. தாய் தன் பாலாடை எத்தனை மில்லி கொள்ளும் என்பதை ஊசிக்குழலால் ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால், ‘இத்தனை பாலாடை’ என்று எளிதில் கணக்கிடலாம்.

ஒரு முறை ஊட்டுவதற்கு ஆகும் நேரம் 30 நிமிடத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் உண்பதில் பெறும் ஆற்றலினும் உண்ணும் முயற்சியில் செலவாகும் ஆற்றல் மிகும். அந்நிலையில் நேரத்தை நீட்டிப்பதால் பயனில்லை. முறையை மாற்ற வேண்டும்.

பிறந்த சில நாள்களில் எடையில் 10 விழுக்காடு வரை குறைவது எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. இரண்டு வாரத்திற்குள் பிறப்பெடை மீள வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும். நாளொன்றுக்கு 6 முறையேனும் வெளிர்நிறச் சிறுநீர் கழித்தல் பால் போதுமானது என்பதற்கான வீட்டுக் குறி. எனினும் உறுதியான அளவுகோல் எடைக் கருவியே. பிறப்பெடை மீளும் வரை வாரம் இரு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் ஒரே கருவியில் எடை பார்த்துக் குறித்தல் நன்று.

இக்கணக்கின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். உதட்டுப் பிளவு அறுவைக்கு 10 வார வயது, 10 பவுண்டு எடை, 10 கிராம் ஹீமோகுளோபின் என்னும் ‘பத்தின் விதி’ 1960-களிலிருந்து வழிகாட்டியாக விளங்குகிறது. 10 பவுண்டு என்பது ஏறத்தாழ 4.5 கிலோ. 3 கிலோ எடையுடன் பிறந்து 14-ஆம் நாளில் அவ்வெடையை மீட்ட குழந்தை, நாளும் 27 கிராம் கூடினால் 56 நாளில் 1.5 கிலோ பெற்று, சரியாக 10 வாரத்தில் தகுதி அடைகிறது. நாளும் 10 கிராமே கூடினால் அதே 1.5 கிலோவுக்கு 150 நாள் ஆகும். குழந்தைக்கு அப்போது 23 வார வயது கடந்திருக்கும். ஒரு நாளில் 17 கிராம் என்னும் சிறு வேறுபாடு அறுவையை மூன்று மாதம் பின்தள்ளுகிறது.

8. அறுவைக்குப் பின்னும் இணை உணவும்

உதட்டுப் பிளவு பொதுவாக 3 முதல் 6 மாதத்திலும், அண்ணப் பிளவு 9 முதல் 18 மாதத்திலும் சீர்செய்யப்படுகின்றன. உதட்டு அறுவைக்குப் பின் மயக்கம் தெளிந்ததும் தாய்ப்பால் கொடுக்கலாம். தையல் பிரிந்துவிடும் என்று அஞ்சிப் பட்டினி போடுதல் தேவையற்றது. அண்ண அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு நீர்ம உணவும் குழைந்த உணவும் மட்டுமே தரப்படும். கரண்டியை உதட்டோடு நிறுத்த வேண்டும். கூரிய பொருள் எதுவும் மேல்வாயைத் தொடக்கூடாது. காலவரம்பை அறுவை மருத்துவரே கூறுவார்.

இணை உணவு மற்றக் குழந்தைகளைப் போலவே 6 மாதம் நிறைந்ததும் தொடங்கப்பட வேண்டும். அண்ண அறுவை முடியட்டும் என்று காத்திருத்தல் பெருந்தவறு. தாயிடமிருந்து பெற்ற இரும்புச் சத்து குறையத் தொடங்கும் காலம் அது. ஹீமோகுளோபின் குறைந்தால் அறுவையும் தள்ளிப்போகும். நீர்த்த கஞ்சி மூக்கின் வழியே எளிதில் வெளியேறும். ஆகவே கரண்டியில் நிற்கும் பதத்தில் கேழ்வரகுக் கூழ், நெய் சேர்த்துக் குழைத்த பருப்புச் சோறு, மசித்த இட்டலி, வாழைப்பழம், வேகவைத்து மசித்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தரலாம். கொட்டையும் விதையும் உள்ளவை, பிளவில் ஒட்டிக்கொள்ளும் பசைப் பண்டங்கள், காரம் மிக்கவை ஆகியன தவிர்க்கத்தக்கவை. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் ஓரிரு வாய் நீர் தந்தால் பிளவு தூய்மையாகும்.

9. குடும்பமும் முதல் இரு நாள்களும்

குழந்தையைத் தூக்கவே அஞ்சும் தாய்க்கு ஊட்டக் கற்பிப்பது எளிதன்று. ‘நீ என்ன செய்தாய்?’ என்று உறவினர் வினவும் சூழலில் அவளுக்குப் பாலும் குன்றும். ஆகவே ஊட்டப் பயிற்சியின் முதற்கூறு, இது எவருடைய பிழையாலும் நேர்ந்ததன்று என்பதை மாமியார், கணவர் உள்ளிட்ட அனைவர் முன்னிலையிலும் மருத்துவர் எடுத்துரைத்தல் ஆகும். ஊட்டும் முறையைத் தாய்க்கு மட்டுமன்றி, வீட்டில் உடனிருக்கும் மற்றொருவருக்கும் கற்பித்தல் வேண்டும்.

சில வழக்கங்கள் இக்குழந்தைகளுக்குப் பிறரினும் மிகுந்த தீங்கு தருகின்றன. சேனை வைத்தல் என்று சர்க்கரை நீர் புகட்டுவது சிறிய வயிற்றைச் சத்தின்றி நிரப்புகிறது. பால் குடியாமைக்கும் கக்குதலுக்கும் தொக்கமே காரணம் என்று கருதித் தொக்கம் எடுப்பவரிடம் கொண்டு செல்வதால், மறைந்திருக்கும் அண்ணப் பிளவு கண்டறியப்படாமல் நாள்கள் கழிகின்றன. தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றையும் பால் புட்டிகளையும் விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அது தேவையான தடையே. ஆயினும் மருத்துவக் காரணத்தால் சிறப்புப் புட்டி தேவைப்படும் தாயைக் குற்றவுணர்வுக்கு உள்ளாக்குதல் அச்சட்டத்தின் நோக்கமன்று.

அரசு மருத்துவமனைகளில் இயல்பான பேறுகாலத்திற்குப் பின் 48 மணி நேரம் தங்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. அண்ணத்தைச் சோதித்தல், பால் பீய்ச்சக் கற்பித்தல், தாயே தன் கையால் முழு அளவு ஊட்டுவதைக் கண்ணால் காணல், அடுத்த எடை பார்க்கும் நாளைக் குறித்துக் கொடுத்தல் ஆகிய நான்கும் இக்கால எல்லைக்குள் நிறைவேற வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இடம்பெற்றுள்ளன. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வழியாகக் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். பிறந்த குழந்தையின் இல்லத்திற்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் களப்பணியாளர் செல்லும் ஏற்பாடு, எடைக் கண்காணிப்புக்கு அமைந்த வாய்ப்பாகும்.

முடிவுரை

பிளவுடைய குழந்தையின் ஊட்டத் துணை அரிய மருத்துவம் அன்று. உறிஞ்ச இயலாத வாய்க்குப் பாலைக் கொண்டு சேர்த்தல், நிமிர்த்தி ஊட்டுதல், 30 நிமிடத்திற்குள் முடித்தல், அளந்து கொடுத்தல், எடை பார்த்தல் என்னும் ஐந்தும் இதன் உள்ளடக்கம். இவற்றுக்கு வேண்டிய கருவி பல தமிழ் வீடுகளில் முன்பே இருக்கிறது. வேண்டுவது, அதனைப் பயன்படுத்தும் முறையைப் பிறந்த இரு நாள்களுக்குள் தாயிடம் சேர்க்கும் ஒழுங்கு. அறுவை வல்லுநரின் கைத்திறன் குழந்தையின் முகத்தைச் சீராக்கும். அவரிடம் சென்று சேரும் வரை குழந்தையை வளர்ப்பது ஊட்டுபவரின் கைத்திறனே. இரண்டாவது இன்றி முதலாவதற்கு இடமில்லை.